தோல் கையுறையைப் பழையதாக்கித் தருகிறேன் என்றார். கையுறையே மாறி வந்தது

நாடகக் குழுக்களில் உடைப் பொறுப்பைப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் நல்ல தோல் கையுறை ஒரு ஜோடியை நம்பிக் கொடுத்தேன். திரும்பி வந்தது சாயம் அடித்த குப்பை.

எங்கள் நாடகம் 1942 ஏப்ரலில் நடக்கிறது. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட செய்தி வந்து, சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்த நாட்கள். ராணுவத் தகவல் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் வீரன் ஒருவன் அதில் வருகிறான். பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்த வேலை பார்த்தவர்கள் மணிக்கட்டைத் தாண்டி முன்கையையும் மூடும் தோல் கையுறை அணிந்தார்கள். மூன்றாம் காட்சியில் அவன் கடிதத்தைக் கொடுக்கத் தயங்கி, கையுறையைக் கழற்றுகிறான், மறுபடி மாட்டுகிறான். அரங்கத்தின் கண்ணெல்லாம் அந்தக் கையில்தான். அது புதிதாகப் பளபளத்தால் காட்சியே பொய்யாகிவிடும்.

பெரியமேட்டில் தேடி 850 ரூபாய்க்கு வேலைக் கையுறை வாங்கினேன். மேலடுக்கு முழுதாக இருந்த மாட்டுத் தோல்; விலைக்கு மிக நல்ல சரக்கு. மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டி, வெள்ளை நைலான் தையல், இரண்டும் 1942-க்கு ஆகாது. பட்டியை அகற்றி, முன்கைப் பகுதியைச் சேர்த்து, மெழுகு தேய்த்த பருத்தி நூலால் தைத்து, அதன் பிறகு தேய்ந்த தோற்றம் கொண்டுவர வேண்டும். எனக்கு நேரமில்லை. தெரிந்தவர் சொன்ன ஒருவரிடம் கொடுத்தேன். 1,800 ரூபாய், முழுவதும் முன்பணம் என்றார். அவர் காட்டிய படங்கள் அழகாக இருந்ததால் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, "வினிகரில் இரும்பு ஊறிய தண்ணீரைப் பூசினேன் சார், இயற்கையாகவே கறுத்துவிட்டது" என்றார். அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் தோலைக் கறுக்க வைப்பது, தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்வதால். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றில் பதனிட்ட தோலில் அந்தத் துவர்ப்பு உண்டு. கடையில் விற்கும் வேலைக் கையுறைகளோ பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டவை. நான் வாங்கியதும் அப்படித்தான். வெட்டிய ஓரத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தது. அதில் இந்த வித்தை பலிக்காது.

ஒத்திகையில், அந்த வேடத்தில் நடிக்கும் தம்பி ஐந்து நிமிடம்தான் அணிந்திருப்பார். விரல் மடங்கும் இடமெல்லாம் பூச்சு வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. வியர்வையில் சாயம் இளகிக் காக்கிச் சட்டையின் கை கறுத்தது. சட்டை போகட்டும், வேறு தைக்கலாம். அவருடைய உள்ளங்கை சிவந்து இரண்டு நாள் எரிந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றிரவு தையலைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் நீலச் சாம்பல் இல்லை. மேலிருந்த பிளாஸ்டிக் பூச்சு தனியாக உரிந்து வந்தது. அடியில் இரு பக்கமும் பஞ்சு போன்ற நார். மேலடுக்கைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கீழடுக்கு அது, தொழிலில் ஸ்பிளிட் என்பார்கள். ஸ்பிளிட்டை நான் குறை சொல்லவில்லை. வெல்டிங் கையுறைகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன, அந்த வேலைக்கு அது ஏற்றது. ஆனால் நான் கொடுத்தது அது அல்லவே! கேட்டதற்கு, "ஊறினால் தோல் அப்படி மாறும்" என்றார். எவ்வளவு ஊறினாலும் மேலடுக்கு காணாமல் போகாது. அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமானால், கையுறையின் உள்ளே அழியாத மையில் ஓர் அடையாளம் போடுங்கள். வெட்டு ஓரத்தை நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பாதிப் பணத்துக்கு மேல் முன்பே கொடுக்காதீர்கள். வாங்கும்போது அங்கேயே அணிந்து பத்து முறை விரல்களை மடக்கி, ஈர வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள்.

மறுபடி 850 ரூபாய் கொடுத்து வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்தேன். தையல் வேலை முடிந்ததும் ஸ்பிரிட் தொட்ட துணியால் பளபளப்பை எடுத்தேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அணிந்துகொண்டு ஒரு குழாயை இறுகப் பிடித்து விரல்களுக்கு மடிப்பு வரவைத்து, நிழலில் உலர்த்தினேன். பழையது என்றால் எங்கும் தேய்ந்தது என்று பொருளல்ல. வண்டி ஓட்டுபவன் கையில் உள்ளங்கையும், கட்டைவிரல் கவையும், கிளட்சையும் பிரேக்கையும் இழுக்கும் விரல்களின் உட்பக்கமும்தான் தேயும். அங்கே மட்டும் நைசான உப்புத்தாள் போட்டேன். மடிப்புகளில் பழுப்பு ஷூ பாலிஷைத் தேய்த்து உடனே துடைத்தேன்.

நாளை மாலை ஒத்திகைக்குத் தம்பி இதை அணியப் போகிறார். சாயம் எதுவும் கையில் படாமல் இருக்க, உள்ளே மெல்லிய பருத்தித் துணியும் வைத்துத் தைத்திருக்கிறேன்.