எஸ்.எஃப். நம்பர் என்ன ராணுவ ரகசியமா?

கோயம்புத்தூர் சத்தி ரோடு பக்கம் சைட் ஒன்று பார்க்கப் போனேன். முதலீட்டுக்குத்தான். புரோக்கரிடம் நான் கேட்டது எஸ்.எஃப். நம்பர், அதாவது நிலத்தின் சர்வே நம்பர் மட்டும். "அது எதுக்குங்க சார் இப்பவே? மொதல்ல எடத்தப் பாருங்க, புடிச்சா அட்வான்ஸ் போடுங்க, நம்பர் தானா வரும்" என்றார்.

அட்வான்ஸ் போட்ட பிறகு வில்லங்கம் பார்ப்பதா! நான் இருப்பது லண்டனில். அங்கே உட்கார்ந்தபடியே ஒரு தெருவில் எந்த வீடு எந்தத் தேதியில் என்ன விலைக்குக் கைமாறியது என்று 1995 வரை பின்னால் போய்ப் பார்க்கிறேன். அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. இங்கே இணையத்தில் அதே சைட், அதே போட்டோ, அதே வேப்பமரம், வெவ்வேறு புரோக்கர் பெயரில். சென்ட் எட்டு லட்சம் என்கிறார் ஒருவர், எட்டரை என்கிறார் இன்னொருவர், மூன்றாமவர் "விலை நேரில்". நம்பர் மட்டும் எதிலும் கிடையாது. நம்பர் தெரிந்தால் ஓனர் பெயர் தெரியும், கமிஷன் போய்விடும். அவர் பயம் அவருக்கு.

இடத்துக்குக் கூட்டிப்போனதும் சுற்றுவழியில்தான். லேஅவுட் வாசலில் துருப்பிடித்த போர்டு ஒன்று. செடி மறைத்த கீழ்வரியில் ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண். புரோக்கர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருக்க, கூட வந்த மச்சான் செடியை விலக்கிப் படம் எடுத்தார். ரெரா தளத்தில் அந்த எண்ணைப் போட்டதும் லேஅவுட்டின் எஸ்.எஃப். நம்பர்கள் வரிசையாக வந்துவிட்டன. அங்கேயே நின்று மச்சான் போனில் பதிவுத்துறைத் தளத்தைத் திறந்தோம். என் லண்டன் போன் நம்பரை வைத்துக்கொண்டு நம் ஊரில் எதுவும் நகராது.

ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, வந்தது பாருங்கள், அசந்துபோனேன். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவண எண், அடமானம், அதைத் தீர்த்த ரசீது, எல்லாம் பெயரோடு. லண்டனில் விலை விவரம்தான் இலவசம். ஓனர் பெயர் வேண்டுமென்றால் 7 பவுண்டு. அப்பா இடம் வாங்கிய காலத்தில் இதே ஈசிக்காகச் சார்பதிவாளர் ஆபீஸ் புங்கமரத்தடியில் நாள்கணக்கில் காத்திருந்திருக்கிறோம்.

அப்புறம்தான் கைமாற்றுத் தொகையைக் கவனித்தேன். பக்கத்துப் பக்கத்து சைட்டெல்லாம் ஒரே கணக்கில், புரோக்கர் சொன்னதில் பாதிகூட வரவில்லை. "ஏமாத்துறாரு" என்றேன். மச்சான் சிரித்தார். "அது கைடுலைன் மாப்ள, கவர்மென்ட் வெச்ச மதிப்பு. எழுதுற தொகைக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 பர்சென்ட். நெச வெலைய எவன் எழுதுவான்?"

அதுதான் எரிச்சல். யார் வாங்கினார், எந்தப் பேங்கில் வைத்தார் என்று ஊருக்கே காட்டுகிற ஆவணத்தில், முதலீட்டாளருக்கு வேண்டிய ஒரே விவரம் மட்டும் பொய். லண்டன் பழக்கத்தில் இந்தத் தொகைகளை எக்செல்லில் போட்டு சராசரி எடுத்தால் கிடைப்பது அரசு நிர்ணயித்த மதிப்புதான், சந்தை விலை அல்ல.

சைட் வாங்கவில்லை. இப்போது மச்சான் எனக்காக வங்கி ஏல விளம்பரங்களைச் சேர்க்கிறார். அதில் சர்வே நம்பர், நான்கு எல்லை, ரிசர்வ் விலை எல்லாமே பத்திரிகையிலேயே வந்துவிடுகிறது. 'சிம்பாலிக் பொசெஷன்', அதாவது இடம் காகிதத்தில் மட்டும் வங்கி வசம், என்று இருந்தால் மட்டும் விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்புவதில்லை. உள்ளே குடியிருப்பவரைக் கிளப்ப யார் போவது என்கிறார்.