சல்லடையா, திறந்த வாசலா?

மருந்தாய்வுக்கு ஆள் சேர்க்க இரண்டு வழி. வயது வரம்பு வைத்து, வேறு நோய் உள்ளவர்களை விலக்கிச் சலித்தெடுப்பது ஒன்று. அந்த நோயோடு வருகிற ஏறக்குறைய எல்லோரையும் சேர்ப்பது இன்னொன்று.

சலித்தெடுத்தால் குழப்பம் குறைவு. மருந்து வேலை செய்கிறதா என்பது குறைந்த ஆட்களிலேயே தெரிந்துவிடும். சிக்கல் பிறகுதான். 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் இறப்பை ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்து 30 சதவீதம் குறைத்தது. இந்த மருந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது; அதனால் பொட்டாசியமோ, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினினோ கூடியவர்களை அதில் சேர்க்கவில்லை. மருத்துவர்களோ பலருக்கும் எழுதித் தள்ளினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், இதயச் செயலிழப்புக்கு மருந்து எடுத்த முதியவர்களில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1994-இல் 1000-க்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர்.

திறந்த வாசலில் சிறுநீரகம் பழுதானவரும் வருவார், மாத்திரையை மறப்பவரும் வருவார். பலன் மங்கலாகத் தெரியும்; ஆளும் செலவும் கூடும். ஆனால் நிஜத்தில் மருந்து வாங்கப் போவது இவர்கள்தானே!

புது மருந்தின் முதல் கட்டத்துக்குச் சல்லடையே பாதுகாப்பு. அது பயத்தாலும் இறுகுவதுண்டு: கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பக்கட்ட ஆய்வுகளிலிருந்து விலக்கிய 1977-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல் மாற 1993 ஆனது. சந்தைக்கு வந்துவிட்ட மருந்து என்றால், என் வாக்கு திறந்த வாசலுக்கே.