விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட்: முகாமில் பேட்டரி இருப்பை அறிய ஒரு நம்பகமான கருவி

மின் இணைப்பு இல்லாத இடங்களில் கூடாரமடித்துத் தங்குவோரில் பலர், பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மீதமிருக்கிறது என்பதை, சோலார் பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கண்ட்ரோலரின் சிறு திரையில் தெரியும் கட்டங்களைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். விலை மலிவான கண்ட்ரோலர்களில் அந்தக் கட்டங்கள் பேட்டரியின் வோல்ட் அளவை மட்டும் கொண்டு ஏறி இறங்குகின்றன. பகலில் பேனலிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது வோல்ட் உயர்ந்தே நிற்கும் என்பதால், பாதி காலியான பேட்டரியும் நிறைந்ததுபோல் தோன்றும். குளிர்பெட்டியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் அதே பேட்டரி தீரப் போவதுபோல் தோன்றும். லெட் ஆசிட் பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளந்தால், 12.7 வோல்ட் என்பது நிறைவையும் 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழப் பாதியையும் குறிக்கும் என்றாவது சொல்லலாம். இன்று பலர் வாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் அந்த வழியும் உதவாது. 70 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கும்போதுகூட 12 வோல்ட் பேட்டரியில் ஏற்படும் மாற்றம் சுமார் 0.1 வோல்ட்தான்.

ஆகவே உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் வரவு செலவுக் கணக்குபோல் எழுதிவைக்கும் கருவி தேவைப்படுகிறது. நெதர்லாந்தில் 1975இல் தொடங்கப்பட்ட விக்ட்ரான் நிறுவனத்தின் ஸ்மார்ட்ஷன்ட் அத்தகையது. நான் அதன் 500 ஆம்பியர் வகையை 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி, 200 வாட் மடக்குப் பேனல், சிறிய கம்ப்ரசர் குளிர்பெட்டி ஆகியவற்றுடன் பயன்படுத்துகிறேன். 500 ஆம்பியர் பாயும்போது 50 மில்லிவோல்ட் வேறுபாடு காட்டும், ஷன்ட் எனப்படும் ஒரு மின்தடைதான் இதன் உயிர்நாடி. அந்த நுண்ணிய வேறுபாட்டை அளந்து, கணக்கிட்ட இருப்பைப் புளூடூத் வழியாகக் கைபேசிச் செயலிக்கு அனுப்புகிறது. செயலிக்குக் கட்டணம் இல்லை.

பொருத்துவது எளிது, ஆனால் ஒரு விதியை மீறவே கூடாது. பேட்டரியின் மைனஸ் முனையில் ஷன்ட்டிலிருந்து வரும் ஒயர் மட்டுமே இருக்க வேண்டும். கண்ட்ரோலர், இன்வெர்ட்டர், விளக்கு என மற்ற எல்லாவற்றின் மைனஸ் ஒயர்களும் ஷன்ட்டின் மறுபக்கத்துக்குப் போக வேண்டும். ஒன்றை நேரடியாகப் பேட்டரியில் மாட்டினாலும் அதன் வரவோ செலவோ கணக்கில் சேராது. ஈரமும் தூசியும் படும் இடத்தில் வைப்பவர்கள், அவற்றைத் தாங்கும் ஐபி65 தரமுள்ள வகையை வாங்குவது நல்லது.

வாங்குபவர்கள் அதிக கவனம் செலுத்த வேண்டியது செயலியில் உள்ள அமைப்புகளில்தான். பேட்டரியின் கொள்ளளவை முதலில் சரியாக இட வேண்டும். அடுத்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று கருவி எப்போது கொள்ள வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டும். வோல்ட் நாம் குறித்த அளவுக்கு மேல் இருந்து, சார்ஜ் ஆம்பியர் கொள்ளளவின் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, அந்த நிலை 3 நிமிடம் நீடித்தால் அது 100 சதவீதம் என்று காட்டும். சோலாரில் இந்த இடம்தான் சிக்கலானது. குறித்த வோல்ட் மிகக் குறைவாக இருந்தால், காலை இளவெயிலில் சிறிதளவு ஆம்பியர் மட்டும் பாயும்போதே மூன்று நிபந்தனைகளும் நிறைவேறி, நிறையாத பேட்டரி நிறைந்ததாகப் பதிவாகிவிடலாம். கண்ட்ரோலர் 14.2 வோல்ட் வரை ஏற்றுமானால் இங்கே 14.0 என்று இடுவது பாதுகாப்பானது. ஏற்றிய மின்சாரத்தில் எவ்வளவு பேட்டரியில் சேர்கிறது என்பதைக் குறிக்கும் சார்ஜ் திறன், லெட் ஆசிட்டுக்கு ஏற்ப 95 சதவீதமாக வருகிறது. லித்தியத்துக்கு அதை 99 என்று மாற்ற வேண்டும்.

0.1 ஆம்பியருக்குக் குறைவான ஓட்டத்தைக் கருவி பூஜ்யமாகக் கொள்வதும் நினைவில் இருக்கட்டும். 0.08 ஆம்பியர் எடுக்கும் சிறு சாதனம் ஒன்று பத்து நாள் தொடர்ந்து இயங்கினால் 19 ஆம்பியர் மணி கணக்கில் வராமலே போய்விடும். அந்த எல்லையையும் செயலியில் குறைத்துக்கொள்ளலாம்.

இவற்றைச் சரிசெய்த பிறகு கிடைக்கும் பயன் பெரிது. ஒரு விளக்கை அணைத்தால் எத்தனை ஆம்பியர் மிச்சமாகிறது என்பது உடனே தெரிகிறது. பேனலைச் சற்றுத் திருப்பினால் வரவு கூடுகிறதா என்பதையும், மரநிழல் ஒரு மூலையில் விழுந்தால் எவ்வளவு குறைகிறது என்பதையும் அங்கேயே நின்று பார்க்கலாம். இரவுக்கு மின்சாரம் போதுமா என்ற கேள்விக்கு, மாலையிலேயே எண்களைக் கொண்டு விடை காண முடிகிறது. மீதமுள்ள நேரத்தையும் கருவி காட்டும்; ஆனால் அது 50 சதவீதத்தை அடிமட்டமாகக் கொண்டு கணக்கிடுவதால், லித்தியம் வைத்திருப்போர் அந்த எண்ணை 10 அல்லது 20 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் திரை கிடையாது. கைபேசி இல்லாமலும் ஒரே பார்வையில் இருப்பு தெரிய வேண்டும் என்போருக்கு, இதே வேலையைச் செய்யும், வட்டத் திரையுடன் கூடிய பிஎம்வி-712 பொருத்தமானது. கைபேசிக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும் மின்சாரம் எடுப்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. குளிர்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு தகும் என்றே கருதுகிறேன். லித்தியம் பேட்டரியின் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்தால் ஷன்ட்டும் அணைந்துவிடும் என்பதால், மீண்டும் உயிர்பெறும்போது பழைய இருப்பைக் காட்ட வேண்டுமா, 100 சதவீதம் என்று தொடங்க வேண்டுமா என்ற அமைப்பை, புறப்படுவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.