ஒன்பது வாரத்தில் முப்பது நிமிட ஓட்டம்: ‘கவுச் டு 5கே’ பயிற்சித் திட்டம் – ஒரு மதிப்புரை

வாரத்தில் எத்தனை நாள் செய்ய வேண்டும், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடலாமா, கால் வலிக்கும்போது மறுநாளும் செய்யலாமா, எடை எப்போது குறையும் என்பவை உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குகிற ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்விகள். இவற்றுக்கு அறிவுரையாக இல்லாமல் ஒரு கால அட்டவணையாகவே விடை தருவதுதான் ‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்ற ஓட்டப் பயிற்சித் திட்டத்தின் சிறப்பு. அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996இல், ஓடிப் பழக்கமில்லாத தம் தாயார் போன்றவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கிய இத்திட்டத்தைப் பிற்பாடு பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை ஏற்று, செயலியாகவும் ஒலிப்பதிவுகளாகவும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. இதே அட்டவணையைச் சற்றே மாற்றிக் கட்டணம் கேட்கும் செயலிகளும் பல உள்ளன. நேரம் பார்க்க ஒரு கைக்கடிகாரமும் அட்டவணையின் ஒரு பிரதியும் போதுமானவை என்பதால் அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

திட்டம் ஒன்பது வாரம் நீள்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அரை மணி நேரம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடேற்றிக்கொண்ட பின், 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம் செய்ய வேண்டும். கூட்டிப் பார்த்தால் முதல் நாள் ஓடுவது மொத்தம் எட்டு நிமிடம்தான். இரண்டாம் வாரத்தில் ஓட்டம் 90 விநாடியாகவும் நடை இரண்டு நிமிடமாகவும் மாறுகின்றன. மூன்றாம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டம் முதன்முறையாக வருகிறது. நான்காம் வாரத்தில் ஐந்து நிமிடம். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் முதல் நாளே மூச்சு முட்ட ஓடி, மறுநாள் படியிறங்க முடியாமல் தவித்து, மூன்றாம் நாள் அந்த எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். நடையை ஓய்வாகக் கருதாமல் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்து அந்த ஆபத்தை இத்திட்டம் முன்கூட்டியே தவிர்த்துவிடுகிறது.

ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட வேண்டும் என்ற விதியைப் புதியவர்கள்தான் அதிகம் மீறுகிறார்கள், அதுவும் ஆர்வத்தால். இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாண்களும் அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. இன்னும் ஓட முடியும் என்று தோன்றுகிற மூன்றாம் நான்காம் வாரங்களில்தான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி வலி தொடங்குவது வழக்கம். பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக இருக்கும் வலி இயல்பானது, தானே தணிந்துவிடும். ஓர் இடத்தில் மட்டும் விரலால் சுட்டிக்காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, நடையைக் கோணலாக்குகிற வலி ஆகியவை இருந்தால் நிறுத்திவிட வேண்டும். இந்த வேறுபாட்டை அட்டவணை எந்த இடத்திலும் சொல்வதில்லை.

வேகம் பற்றியும் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அறுபது விநாடிதானே என்று பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடுபவர் மூன்றாவது சுற்றிலேயே சோர்ந்துவிடுவார். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரியானது; இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சிழுக்க நேர்ந்தால் குறைக்க வேண்டும். பக்கத்தில் வேகமாக நடப்பவர் நம்மைத் தாண்டிச் சென்றாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கும் பெரியவர்கள் என்னை நாள்தோறும் தாண்டிச் சென்றார்கள்.

இத்திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அஞ்சுவது ஐந்தாம் வாரத்தை. அதன் முதல் நாள் மூன்று ஐந்து நிமிட ஓட்டங்கள். இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு, நடுவில் ஐந்து நிமிட நடை. மூன்றாம் நாள் நடையே இல்லாமல் இருபது நிமிட ஓட்டம். எட்டிலிருந்து இருபதுக்குத் தாவுவதாகத் தோன்றினாலும், அவ்வாரத்தின் மொத்த ஓட்ட நேரத்தை எண்ணினால் 15, 16, 20 நிமிடம் என்றுதான் வருகிறது. கூடுவது நான்கு நிமிடம், நீங்குவது இடைநடை. முதல் இரு நாட்களையும் மெதுவாக ஓடி முடித்தவரால் மூன்றாம் நாளையும் முடிக்க இயலும். ஆறாம் வாரத்தின் முதல் நாள் மீண்டும் இடைநடைக்குத் திரும்புவதைச் சிலர் பின்னடைவாக எண்ணுகிறார்கள். கடினமான ஒரு நாளுக்குப் பின் உடலுக்குக் கொடுக்கும் சலுகை அது; திட்டத்தை வகுத்தவரின் பக்குவம் அந்த இடத்தில் தெரிகிறது.

பெயரில் உள்ள 5 கிலோமீட்டர்தான் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. ஒன்பதாம் வாரத்தில் கைவருவது நிற்காமல் முப்பது நிமிடம் ஓடும் திறன். அந்த நேரத்தில் ஐந்து கிலோமீட்டரைக் கடக்க ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். நடுவயதில் புதிதாகத் தொடங்கும் பலருக்கு அது எட்டாத வேகம். எட்டு நிமிட வேகத்தில் ஓடுபவர் முப்பது நிமிடத்தில் நான்கு கிலோமீட்டரைக்கூடத் தொடுவதில்லை, ஐந்தை முடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆகும். இதில் அவர் குறை எதுவும் இல்லை. ஆனால் பெயரை நம்பி வந்தவர் கடைசி நாளில் ஏமாற்றம் அடைவதை ஒரு குறிப்பு சேர்த்தே தவிர்த்திருக்கலாம்.

குளிர்ப்பிரதேசத்தில் பிறந்த திட்டம் என்பதும் நம் ஊரில் நன்றாகவே தெரிகிறது. சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடற்சூடு தணியாமல், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குவதாக இருந்தால் சூரியன் எழுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஒரே வாரத்தை இரண்டு முறை செய்வதற்கும் தயாராக இருக்க வேண்டும். நடைமேடை இல்லாத தெருவில் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டு ஓடுபவர்கள் ஒரு காதையாவது திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் வண்டியும் தெருநாயும் பயிற்றுநரின் குரலுக்காகக் காத்திருப்பதில்லை. காலணியைப் பொறுத்தவரை விலை முக்கியமில்லை. விரல் நுனிக்கு முன் சற்று இடம் இருக்க வேண்டும், குதிகால் நழுவக்கூடாது. கடையில் மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்ப்பது உத்தமம்.

எடைக்குறைப்பை மட்டுமே நோக்கமாகக் கொண்டவர்களுக்கு இத்திட்டத்தை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். ஓட்டத்தில் செலவாகும் ஆற்றல் தோராயமாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோமீட்டர் ஓடினால் 280 கலோரி அளவில் செலவிடுவார். திரும்பும் வழியில் ஒரு தட்டுப் பொங்கலும் வடையும் சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வந்துவிடும். ஒன்பது வாரத்தில் உறுதியாக மாறுவது மூச்சும் படியேறும் திறனும். எடை உணவைப் பொறுத்தது.

இன்னொரு பெரிய விடுபாடு தசைப்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையோ 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பையோ பரிந்துரைப்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதியை இத்திட்டத்தின் கடைசி வாரங்கள் நிறைவேற்றிவிடுகின்றன. இரண்டாம் பாதிக்கு அட்டவணையில் இடமே இல்லை. ஓடாத நாட்களில் இரண்டைத் தேர்ந்து பஸ்கியும் தண்டாலும் எடுக்கலாம். தண்டால் இயலாதவர்கள் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். தொடையும் இடுப்பும் வலுப்பெற்றால் முழங்காலின் சுமையும் குறையும்.

எல்லோருக்கும் ஏற்ற திட்டமும் அல்ல இது. இதய நோய் உள்ளவர்கள், நடக்கும்போதே நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ உணர்பவர்கள், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முதல் நாளைக்கூடத் தொடங்கக்கூடாது. மற்றவர்கள் காலையில் வெறும் வயிற்றில் அரை மணி நேரம் ஓடுவதில் தவறில்லை. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் அவ்வாறு ஓடுவதற்கு முன் மருத்துவரின் கருத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடல் எடை மிக அதிகமுள்ளவர்களும் ஆண்டுக்கணக்கில் நடையே பழகாதவர்களும் நாள்தோறும் அரை மணி நேர நடையை ஒன்றிரண்டு மாதம் பழகிக்கொண்ட பின் இதற்கு வரலாம்.

கல்யாணம், காய்ச்சல், மழை என்று இடையில் ஒரு வாரம் தவறிப்போனால், கடைசியாக முடித்த வாரத்தை மீண்டும் செய்துவிட்டுத் தொடரலாம். இரண்டு மூன்று வாரம் தவறியிருந்தால் இரண்டு படி பின்னால் போவது நல்லது. ஒன்பது வாரத்துத் திட்டம் பன்னிரண்டு வாரமோ பதினைந்து வாரமோ ஆனாலும் கிடைக்கும் பயனில் குறைவு இருக்காது.