உபரி டேங்க்கா, அடிக்கடி பங்க்கா? நெடுந்தூர ராலிக்குப் புது பைக்

புது பைக் வந்ததும் எதையாவது வாங்கி மாட்டக் கை துறுதுறுக்கும். எண்டியூரன்ஸ் ராலிக்கு, அதாவது நேரக்கெடுவுக்குள் நெடுந்தூரம் ஓட்டும் சவாலுக்கு, போகிற வண்டியில் மாட்டும் எதற்கும் ஒரே சோதனைதான்: நடுராத்திரியில் அது பழுதானால், அதைத் தள்ளிவைத்துவிட்டு வண்டி ஓடுமா?

பெட்ரோலில் தொடங்கலாம். நெடுந்தூர பைக் ஓட்டிகளின் அமெரிக்க அமைப்பான அயர்ன் பட் அசோசியேஷனின் ‘சேடில்சோர் 1000’ சவால் என்பது 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. 18 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 20 கி.மீ. மைலேஜ் என்றால் நம்பி ஓட்டக்கூடியது 320 கி.மீ.; வழியில் ஐந்து முறை நிரப்ப வேண்டும். 15 லிட்டர் உபரி டேங்க் இருந்தால் இரண்டு முறை போதும். ஒரு நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் மிச்சம் அரை மணி நேரம்தான். தண்ணீர் குடிக்க, முதுகை நிமிர்த்த எப்படியும் இறங்கத்தான் போகிறோம். ஒருநாள் சவாலுக்குக் கம்பெனி டேங்கே தாராளம். 11 நாள் ஓடும் அயர்ன் பட் ராலி வேறு கதை. இரவில் பங்க் மூடிக்கிடக்கும் வெறிச்சோடிய சாலைகள் வழித்திட்டத்தில் வரும். அங்கே உபரி டேங்க் ஜெயிக்கும். ஆனால் மொத்தக் கொள்ளளவு 11.5 அமெரிக்க கேலனை, சுமார் 43.5 லிட்டரை, தாண்டக் கூடாது.

உபரி டேங்க்கிலும் இரண்டு வகை. கிராவிட்டி வகையில் டேங்க் பின்சீட்டில் உயரமாக உட்காரும். வால்வைத் திறந்தால் பெட்ரோல் தானே இறங்கும். பம்ப் வகையில் டேங்க்கைத் தாழ்வாக வைக்கலாம், எடை கீழே போகும், வளைவில் வண்டி அடங்கும். ஆனால் அதற்கு ஒயர், ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் வேண்டும். அணைக்க மறந்தால் முன் டேங்க் நிரம்பி வழியும். கிராவிட்டியிலும் வழியும்தான்: முன் டேங்க் பாதியாவது குறைவதற்குள் வால்வைத் திறந்தால், உயரத்தில் இருக்கும் பெட்ரோல் மூடி வழியே வெளியேறும். டேங்க்குக்குள் காற்றை விடும் பிரீதர் குழாய் நசுங்கியிருந்தாலோ ஒரு சொட்டும் இறங்காது. பலர் வால்வைத்தான் சந்தேகப்படுவார்கள். இருந்தாலும் நம் ஓட்டு கிராவிட்டிக்கே. வால்வை மூடினால் பழைய வண்டி திரும்பக் கிடைத்துவிடும். 15 லிட்டர் பெட்ரோலே 11 கிலோ. டேங்க், பிராக்கெட் எடையையும் கூட்டிப் பின்சீட்டைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமின் சுமை வரம்போடு ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள்.

அடுத்து கரண்ட். ராலி நடுவில் வண்டியைப் படுக்கவைப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, நாம் சேர்த்த ஒயரிங். எல்லாக் கருவிக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எலெக்ட்ரானிக் பவர் மாட்யூல் பார்க்க அழகு. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஆம்பியரை செயலியில் அமைக்கலாம். அது செத்தால் லைட், ஜி.பி.எஸ்., சூடாகும் ஜாக்கெட் எல்லாம் ஒன்றாகப் போகும், வழியில் மாற்று கிடைக்காது. ஃபியூஸ் பாக்ஸும் ரிலேயும் (சிறு சுவிட்சால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் பெட்டி) பழைய சமாச்சாரம்தான். ஆனால் ரிலே போனால் அதன் சாக்கெட்டில் கரண்ட் வந்து போகும் 30, 87 பின்களை ஒரு துண்டு ஒயரால் இணைத்து ஊர் சேரலாம். இதுவே மேல்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பேட்டரிக்கும் அந்த ஃபியூஸுக்கும் நடுவில் ஒயர் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. இணைப்புகளில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரைவிட, முனையை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் நல்லது. உருகிய ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஏறி விறைக்கும், அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும். ஹேண்டிலுக்குப் போகும் ஒயர்களை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டே டை போடுங்கள். ஓடும்போது வோல்ட்மீட்டர் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே போனால் பேட்டரி கரைகிறது. முதலில் ஜாக்கெட்டை அணையுங்கள்.

பின்சக்கரத்தைச் சுழற்றுவது செயினா, ஷாஃப்ட்டா (தண்டு) என்பது ஷோரூமிலேயே முடிந்துபோன விஷயம். செயின் என்றால் ஓடும்போதே எண்ணெய் சொட்டும் தானியங்கி ஆயிலர் வசதிதான், ஆனால் சொட்டு அதிகமானால் பின் டயரில் தெறிக்கும். ஒருநாள் ஓட்டத்துக்கு ஸ்ப்ரே போதும். டயரில் ட்யூப்லெஸ்ஸுக்குப் போட்டியே இல்லை: பஞ்சரை வீலைக் கழற்றாமல் பிளக் வைத்து அடைக்கலாம். சீட்டுக்கு ஆட்டுத்தோல் விரிப்பை முதலில் போட்டுப் பாருங்கள். அது போதாவிட்டால்தான் புது ஃபோம்.

இதையெல்லாம் முதல் சர்வீஸுக்கு முன் மாட்டாதீர்கள். புது இன்ஜினைப் பழக்கும் ரன்-இன் ஓட்டம், முதல் ஆயில் மாற்றம் முடியட்டும்; கம்பெனிக் கோளாறு எது, நாம் இழுத்துவிட்டது எது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். பிறகு முழுச் சுமையோடு 1,500 கி.மீ. ஓட்டுங்கள். அதற்கு முன் பிராக்கெட் போல்ட் ஒவ்வொன்றிலும் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு பெயின்ட் கோடு. திரும்பி வந்ததும் கோடு எங்கே உடைந்திருக்கிறதோ, அங்கே போல்ட் தளர்ந்திருக்கிறது; அதற்குத்தான் போல்ட்டைக் கழலாமல் பிடிக்கும் பசையான திரெட்லாக்கர்.