மூன்று ஆண்டு இணையத் தமிழ் வகுப்பு: சேர்ந்து சொல்ல வழியில்லை

இணையத் தமிழ் வகுப்பின் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்களாம், பையனைச் சேர்க்கலாமா என்று டர்பன் நகரின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

என் மகள் அந்த வகுப்பில் 2022 ஜனவரியில் சேர்ந்தாள். அப்போது ஏழு வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆயாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, மட்டும்தான் தமிழ் பேச வரும். படிக்க அவருக்குத் தெரியாது. ஆசிரியை சென்னையில் இருக்கிறார். டர்பனில் மாலை ஐந்து என்றால் அவருக்கு இரவு எட்டரை. அந்தக் களைப்பை ஒருநாளும் பிள்ளைகளிடம் காட்டியதில்லை. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எத்தனையோ வகுப்பு பாதியில் அறுந்தது. மறுநாளே பதிவை அனுப்பிவிடுவார். வைஃபைக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை வேறு. அங்கே பிள்ளைகள் சேர்ந்து சொல்ல முடியாது. எட்டுப் பேர் ஒன்றாக வாய் திறந்தால் ஒவ்வொரு குரலும் முன்னே பின்னே வந்து சேர்கிறது. உரத்த குரலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மென்பொருள் அமுக்கிவிடுகிறது. அதனால் எல்லோரையும் மியூட்டில் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். முறை வரும்வரை என் மகள் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முறை வந்ததும் மெல்ல "பழம்" என்பாள். ழகரமா ளகரமா என்று அந்த ஒலியில் ஆசிரியைக்கே பிடிபடாது. மறுபடி சொல்லச் சொல்வார். மூன்றாவது தடவை பிள்ளைக்குக் கண் கலங்கிவிடும். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

போன மாதம் கோயில் கூடத்துச் சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிப்போனேன். மின்விசிறி ஓடவில்லை. மூன்று பேருக்கு ஒரு புத்தகம். ஆனால் முப்பது பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். தப்பாகச் சொன்ன பிள்ளை பக்கத்துக் குரலைக் கேட்டுத் தானே திருத்திக்கொண்டது. என் மகள் தொண்டை கிழியக் கத்தினாள், வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. வீடு வரும்வரை காரில் வாழைப்பழம், வாழைப்பழம்தான்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆயாவின் கல்யாணப் பத்திரிகையைப் பெட்டியிலிருந்து எடுத்து, எழுத்துக் கூட்டி அவருக்கே படித்துக் காட்டினாள் என் மகள். ஆயா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். அந்தப் படிப்பு முழுக்க இணைய வகுப்பு தந்தது.

ஆனாலும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் பையனைச் சேர்க்காதீர்கள். டிசம்பரோடு நாங்களும் நிறுத்துகிறோம். அந்த ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தூரம்தான், இருந்தாலும் ஒரு சனிக்கிழமை பையனைக் கூட்டி வாருங்கள். நான் வாசலில்தான் நிற்பேன்.