பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. சபை: புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு

வேலை மாறி இந்தப் பக்கம் வருகிறவர்கள் எந்தச் சபைக்குப் போகலாம் என்று கேட்டால் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைத்தான் சொல்கிறேன். குறைகளையும் எழுதப்போவதால் ஆலயத்தின் பெயரைப் போடவில்லை.

திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பேராயருக்குக் கீழே இருக்கிற சபைகளின் நிர்வாகத் தேர்தல், வந்தால் சபை இரண்டாகிவிடும். யார் எந்தச் சாதி, எந்தக் குடும்பத்தில் எத்தனை ஓட்டு என்ற கணக்கெல்லாம் ஆராதனை முடிந்த கையோடு ஆலய வாசலிலேயே நடக்கும். திருவிருந்தில் அப்பமும் ரசமும் ஒன்றாக எடுத்த அதே ஆட்கள்தான். எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இது. பிரசங்கம் ஐயரை, அதாவது சபைப் போதகரைப் பொறுத்தது; ஒருவர் வசனத்தைத் தோண்டித் தோண்டி விளக்குவார், அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்து வருகிறவர் கட்டட நிதியை விட்டு நகர மாட்டார். பின் வரிசையில் மைக் எதிரொலிக்கும். வாலிபர்களுக்குப் பாடகர் குழுவான கொயரைத் தவிரப் பெரிதாக இடமில்லை, பல பேர் ஏசி ஹால், டிரம்ஸ் என்று சுயாதீன சபைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் இங்கேயே இருக்கிறேன்? சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற அசனத்துக்கு முந்தின ராத்திரி வந்து பாருங்கள். பந்தலுக்குக் கீழே பெண்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள், விறகடுப்பில் அண்டா ஏறியிருக்கும், தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்று கோர்ட் வரைக்கும் போன இரண்டு பேர் ஒரே அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கியதை நானே பார்த்தேன். சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்லவில்லை, அடுத்த தேர்தலிலும் முறைத்துக்கொண்டார்கள். ஆனால் அண்டாவை இறக்க இரண்டு பேருமே வந்தார்கள். எங்கள் அப்பா இறந்தபோதும் அப்படித்தான்: சாவு மணி அடித்த கொஞ்ச நேரத்தில், ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வந்துவிட்டார், கொயர் பிள்ளைகள் பாமாலைப் புத்தகத்தோடு வந்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதிலிருந்து வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு வரை நாங்கள் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை, வந்தவர்களில் சிலர் அப்பாவோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள்.

இந்தத் திருச்சபை பிறந்ததும் எல்லாம் தீர்ந்த பிறகு அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபைக்காரர்கள் ஒன்றானபோது, பேராயர் கையால் குருப்பட்டம் பெறாதவர்களை என்ன செய்வது என்பதில் எல்லாருக்கும் ஒரே மனசு இல்லை. இருக்கிற குருமாரை அப்படியே ஏற்போம், 30 வருஷம் போகட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்று வைத்துக்கொண்டுதான் சேர்ந்தார்கள். எனக்கு அது பெரிய தைரியம்.

ஞாயிறு மட்டும் வந்து போனால் உங்களுக்கு இந்தச் சபை பிடிக்காது. சந்தா கட்டிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்கிற திடப்படுத்தல் எடுத்தவர்கள் என்றால் ஓட்டும் உண்டு. சபைக் கூட்டத்தில் கணக்கு கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். ஆனால் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துவிட்டு அதை மூடிமறைக்கிற சபையில் பொறுத்துப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அங்கே போலீஸுக்குத்தான் போக வேண்டும்.

திருவிருந்து ஆராதனை நீளும், கைக்குழந்தை இருந்தால் பக்கவாட்டு வாசல் பக்கம் உட்காருங்கள், காற்று வரும். முடிந்ததும் ஓடிவிடாமல் உபதேசியாரிடம் விலாசத்தைக் கொடுங்கள், வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அவரே வந்து கூப்பிடுவார்.